தீர்ப்பு வந்த பிறகும் காவிரி ஏன் ஓயவில்லை?

கேள்வி இது: “காவிரிக்கு 2007-இல் நடுவர் மன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்துவிட்டது. ஆணையமும் அமைத்தாயிற்று. அப்படியிருந்தும் 2023-இல் மறுபடி பந்த், மறியல், வழக்கு. இரண்டு மாநில அரசியல்வாதிகளும் மனது வைத்தால் இது தீராதா?”

மனது வைத்தால் பெரிய அளவுக்குக் குறையும், சந்தேகமே இல்லை. ஆனால் அரசியல்வாதிகளைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். தண்ணீர் கேட்டுச் சண்டை நடந்த வருடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1995, 2002, 2012, 2016, 2023. எல்லாமே தென்மேற்குப் பருவமழை கைவிட்ட வருடங்கள். 2022-இல் தண்ணீர் திறக்கச் சொல்லி யாராவது ரயிலை மறித்தார்களா? அந்த நீர் வருடத்தில் கர்நாடக எல்லையைத் தாண்டி வந்தது 600 டி.எம்.சி.க்கும் மேல் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி). தர வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 1991 மட்டும் விதிவிலக்கு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கிராமத்தில் பிறந்தவன். பாசனப் பொறியியல் படித்து அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றேன். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நல்ல வருடத்தில் எப்படிப் பங்கு போடுவது என்று தசமப் புள்ளி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறோம். கெட்ட வருடத்தில் எப்படி என்பதற்கு நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். சண்டையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேதான் நடக்கிறது.

சரி, முதலில் ஆற்றைப் பார்ப்போம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. மேல் பகுதிக்கு மழை கொடுப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கீழே தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்கு மழை தருவது அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்குப் பருவமழை. அதாவது டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடும்போதும் சம்பாவுக்கு உழும்போதும் எங்கள் தலைக்கு மேல் மழை இருக்காது. அந்த மூன்று நான்கு மாதமும் குடகில் பெய்த மழையை நம்பித்தான் வயலில் இறங்குகிறோம். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்ற வழக்கமே இந்தக் கணக்கில் வந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை வாய்க்கால் தாண்டி எங்கள் ஊர்த் தலைமதகுக்கு வர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

இதனால் காவிரியில் தண்ணீரின் அளவைவிடத் தேதிக்கு மதிப்பு அதிகம். ஜூலையில் வராத 30 டி.எம்.சி.யை நவம்பரில் கொடுத்துக் கணக்கை நேர் செய்யலாம். காய்ந்துபோன குறுவையை நேர் செய்ய முடியாது. நவம்பரில் எங்கள் வயலில் மழைத்தண்ணீரை வடிய வைக்கவே வடிகால் போதாமல் அல்லாடிக்கொண்டிருப்போம்.

ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி என்று சொன்னேன். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. செய்தியில் “5,000 கனஅடி திறக்க உத்தரவு” என்று வரும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கர்நாடகத்தின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டன. சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புது அணை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட மாகாணம், இன்னொரு பக்கம் அவனுக்குக் கட்டுப்பட்ட அரசு. சமமான இருவர் போட்ட ஒப்பந்தம் என்று அதைச் சொல்ல முடியாது. 1910-இல் கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்ட மைசூர் கேட்டது. சென்னைக்கு மேட்டூரில் தனக்கொரு அணை வேண்டியிருந்தது. மைசூருக்கு 11 டி.எம்.சி.க்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. ஆனால் அஸ்திவாரத்தை அவர்கள் 41.5-க்கான அகலத்திலேயே போட்டார்கள். விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்த காலம் அது. நடுவர் விசாரணை, மேல்முறையீடு எல்லாம் நடந்து, 1924 பிப்ரவரி 18-இல் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. கண்ணம்பாடியில் முழு அளவுக்கு உயர்ந்த கிருஷ்ணராஜ சாகர் அணையும் (சுமார் 49 டி.எம்.சி.), 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் (93.47 டி.எம்.சி.) அந்த ஒப்பந்தத்தில் பிறந்தவை. சில பிரிவுகளை 50 வருடம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் இருந்தது.

1974 வந்தது. ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம். சில பிரிவுகளைத்தான் திரும்பப் பார்க்கலாம், அடிப்படை உரிமை நிரந்தரமானது என்றது தமிழ்நாடு. அதற்குள் கர்நாடகம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று துணையாறுகளில் அணை கட்டும் வேலையில் இறங்கியிருந்தது. சோழர் காலத்திலிருந்து பாசனம் செய்த எங்கள் வாதம், “நாங்கள் முன்பே பயன்படுத்தி வருகிறோம்” என்பது. அவர்கள் வாதம், “எங்களை வளரவிடாமல் தடுத்து வைத்துவிட்டு, இப்போது முன்பே வளர்ந்தவன் என்று உரிமை கேட்கிறீர்களே” என்பது. டெல்டாக்காரனாக எனக்கு முதல் வாதம்தான் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டாவதில் நியாயமே இல்லை என்று மனசாட்சியோடு சொல்ல முடியவில்லை.

இருபதுக்கும் மேற்பட்ட முறை அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1983-இல் டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் வந்த உத்தரவால்தான் 1990 ஜூன் 2-இல் நடுவர் மன்றம் பிறந்தது. 1991 ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு: மேட்டூருக்கு வருடம் 205 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். கர்நாடக அரசு அதற்கு எதிராக அவசரச் சட்டம் போட்டது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் சொன்னது. டிசம்பரில் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரு எரிந்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடி வந்தார்கள். விதிவிலக்கு என்று சொன்னேனே, அது இதுதான். அந்த வருடம் மழை பெரிதாக ஏமாற்றவில்லை. காகிதத்தில் இருந்த ஒரு எண்ணுக்காக, காவிரித் தண்ணீரில் ஒரு குடத்தைக்கூட எடுத்துச் செல்லாத கூலித் தொழிலாளிகள் அடிபட்டார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் கொளுத்தப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் எனக்கு 1991-தான் நினைவுக்கு வந்தது.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு வருடமாவது கிடைக்கும் என்று நம்பக்கூடிய நீர் 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குப் போவதைத் தவிர்க்க முடியாதது 4. இதில் கர்நாடகம் எல்லையில், பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் கொடுக்க வேண்டியது 192. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. மீதி 4.75 பெங்களூரு குடிநீருக்கு.

இந்த இரண்டு காரணங்களையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். டெல்டாவின் கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. மேலே ஆறு ஓடினால்தான் கீழே நல்ல தண்ணீர் ஊறும், ஆறு வற்ற வற்றக் கடல் உள்ளே ஏறும். ஆற்று நீரைக் குறைக்க நிலத்தடி நீரைக் காரணம் காட்டியது இன்றைக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெங்களூரு விஷயம் வேறு. நகரத்தின் ஒரு பகுதி காவிரிப் படுகைக்கு வெளியே இருக்கிறது என்பதால் நடுவர் மன்றம் முழு நகரத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. அது சரியா? சென்னை எந்தப் படுகையில் இருக்கிறது? கிருஷ்ணா படுகையில் இல்லை. இருந்தும் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்கச் சம்மதித்ததால்தான் கண்டலேறு வழியாகப் பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் வருகிறது. சென்னைக்கு அதை வாங்கிக்கொண்டவர்கள், பெங்களூரு மக்களின் குடிநீருக்கு முகம் சுளிக்கக் கூடாது.

மாதக் கணக்குக்கு வருவோம். 177.25-ஐ எப்போது எவ்வளவு என்று பிரித்திருக்கிறார்கள்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, அப்புறம் குறைந்துகொண்டே போய் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இவ்வளவு துல்லியம். மழை குறைந்தால்? கிடைக்கும் நீருக்கு ஏற்ப எல்லா மாநிலப் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இதுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடு ஆகஸ்டில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? மழைக்காலம் பாதிதான் முடிந்திருக்கிறது. செப்டம்பரில் கொட்டுமா, பொய்க்குமா என்று யாருக்கும் தெரியாது. அணையில் இருப்பதை மட்டும் பார்ப்பதா, இதுவரை வந்த வரத்தைப் பார்ப்பதா? மேட்டூரில் ஏற்கனவே இருப்பதையும் சேர்ப்பதா? கர்நாடகத்தின் நான்கு பெரிய அணைகளும் சேர்ந்து கொள்ளுவது 114 டி.எம்.சி.க்குச் சற்று மேல். “இன்னும் நிரம்பவில்லை, குடிநீருக்கு முதலில் எடுத்து வைக்க வேண்டும்” என்பார்கள் அவர்கள். “நீங்கள் உங்கள் வாய்க்காலுக்குத் திறந்துகொண்டே எங்களுக்கு இல்லை என்கிறீர்கள், பற்றாக்குறையில் எங்கள் பங்கு எங்கே” என்போம் நாங்கள். நவம்பரில் உங்களுக்குத் தனி மழை இருக்கிறதே என்பார்கள். அது குறுவைக்கு உதவாதே என்போம். இப்படியே பதினைந்து நாள் ஓடிவிடும். பயிருக்குப் பதினைந்து நாள் என்பது ஒரு பருவம்.

2023-இல் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மேட்டூர் நீர்மட்டம் (முழு அளவு 120 அடி) 100 அடிக்கு மேல் இருந்தது, ஜூன் 12-இல் திறந்துவிட்டார்கள். டெல்டாவில் குறுவை அமோகமாக நடவானது. ஜூலை கடைசியில் ஓரளவு மழை, ஆகஸ்டில் மழையே இல்லை. செப்டம்பரில், ஆணையத்துக்குக் கீழே நீர்க்கணக்குப் பார்க்கும் ஒழுங்காற்றுக் குழு, வினாடிக்கு 5,000 கனஅடி வீதம் 15 நாளுக்குக் கொடுக்கச் சொன்னது. மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: சுமார் 6.5 டி.எம்.சி. செப்டம்பர் முழுதுக்கும் வர வேண்டியது 36.76 என்றால், பாதி மாதத்துக்கு 18-க்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் உத்தரவிலேயே இருந்தது. டெல்டாவுக்கு முழு வேகத்தில் திறந்துவிட்டால் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். அதே 6.5 டி.எம்.சி. அன்றைய பெங்களூருவுக்குக் காவிரியிலிருந்து போய்க்கொண்டிருந்த நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் கணக்கில் நான்கு மாதக் குடிநீர். ஒரே தண்ணீர். இங்கே நாலு நாள், அங்கே நாலு மாதம். செப்டம்பர் 26-இல் பெங்களூருவிலும் 29-இல் கர்நாடகம் முழுக்கவும் கடையடைப்பு. அக்டோபர் 10-இல் மேட்டூரில் பாசனத்துக்குத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் செப்டம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் வயலில் கதிர் பால் பிடிக்கிற சமயம். வயல் வெடித்திருந்தது; வெடிப்புக்குள் விரலை விட்டால் கணு வரை போயிற்று. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வாய்க்காலின் நடுவில் குழி வெட்டி அதில் ஊறிய சேற்று நீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிக்கும் நாலு வீட்டுக்காரர்கள் முறை போட்டிருந்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் முறை. டார்ச் வெளிச்சத்தில் மண்வெட்டியோடு நின்றவன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, இன்னும் ரெண்டு தண்ணிண்ணே. ரெண்டே ரெண்டு தண்ணி வந்துட்டா தேறிடும்.” முதல் தண்ணீர் அந்தச் சேற்றுக் குழியிலிருந்து கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. அறுத்ததில் பாதிக்கு மேல் பதர்.

இதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். பணியில் இருந்த காலத்தில், இன்னொரு வறட்சி வருடத்தில், கர்நாடகத்தில் மண்டியா பக்கம் போனேன். கிருஷ்ணராஜ சாகரிலிருந்து பிரியும் விசுவேசுவரய்யா கால்வாய்ப் பாசனம் அது. கரும்பும் நெல்லும், ஊருக்கு ஊர் வெல்லம் காய்ச்சும் ஆலைகளும். கால்வாய் வருவதற்கு முன்னால் கேழ்வரகைத் தவிர வேறு வழி இல்லாத மேட்டுப் பூமி. ஒரு விவசாயி தன் கரும்பைக் காட்டினார். அடித்தோகை எல்லாம் காய்ந்து, கரும்பு விரல் பருமனுக்குச் சூம்பிக் கிடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் நான் பார்க்கிற அதே சோர்வு அவர் கண்ணிலும். தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: “அண்ணா, உங்களுக்குத் தண்ணி வரலன்னா அது தூரத்து சமாசாரம். எனக்கு இந்தப் பக்கம் கரும்பு காயுது, அந்தப் பக்கம் என் கண்ணு முன்னாடியே ஆத்துல தண்ணி இறங்கிப் போகுது. நான் எப்படிப் பொறுத்துக்கறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டப்படி பதில் இருக்கிறது. வரப்பில் நின்றுகொண்டு அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அரசியல் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ஷட்டர் மேலே இருப்பவர் கையில் இருக்கிறது. 2018 ஜூனில் வந்த ஆணையம் உத்தரவு போடலாம், அளக்கலாம், மத்திய அரசிடம் முறையிடலாம். அணையை இயக்குவது மாநில அரசின் ஆட்கள்தான். பெங்களூருவில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், வறட்சி வருடத்தில் தானாகத் திறந்துவிட்டால் மண்டியாவில் தலைகாட்ட முடியாது. உத்தரவு வரும்வரை காத்திருந்து, “நீதிமன்றம் சொல்லிவிட்டது, என்ன செய்வது” என்று சொல்லிக்கொண்டு திறந்தால் தப்பிக்கலாம். சென்னையிலும் இதேதான்: பேசி 20 வாங்கி வந்தால் “மீதியை விட்டுக்கொடுத்த துரோகி” என்பார்கள், வழக்குப் போட்டு 10 வந்தால் “உரிமையை மீட்டவர்” என்பார்கள். 1993-இல் ஜெயலலிதா மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். 2002-இல் எஸ்.எம். கிருஷ்ணா மண்டியாவுக்கு நடைப்பயணம் போனார். இருவரும் முதலமைச்சராக இருந்துகொண்டே செய்தவை இவை. பேச்சுவார்த்தைக்குப் போகிறவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம் என்று ஏற்பாடு இருக்கும்போது, மனது வை என்று கேட்டால் எத்தனை பேர் வைப்பார்கள்? டெல்லியில் ஆள்பவர்களும் தேர்தல் கணக்குப் பார்க்காமல் இருந்ததில்லை. 2007 தீர்ப்பு அரசிதழில் ஏறவே 2013 பிப்ரவரி ஆயிற்று. ஆறு வருடம்! அதுவும் உச்ச நீதிமன்றம் விரட்டியதால்.

மேகேதாட்டுவில் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு வீம்புக்கு எதிர்ப்பதாகத் தெரிகிறது. நடுவர் மன்றம் 192 என்ற எண்ணுக்கு வந்த கணக்கு இப்படி: கபினியிலிருந்து 60, கிருஷ்ணராஜ சாகரிலிருந்து 52, மீதி 80 டி.எம்.சி. அந்த அணைகளுக்குக் கீழே ஷிம்சா, அர்க்காவதி, சுவர்ணாவதி போன்ற ஆறுகளிலும் ஓடைகளிலும் எந்த ஷட்டரும் இல்லாமல் தானாக வந்து சேருவது. யாரும் மனது வைக்காவிட்டாலும் எங்களுக்கு வந்துகொண்டிருப்பது இந்த 80-தான். மேகேதாட்டு அணை, எல்லைக்குச் சற்று மேலே, சரியாக இந்தத் தண்ணீர் எல்லாம் ஆற்றில் சேர்ந்த பிறகு வருகிறது. கொள்ளளவு 67.16 டி.எம்.சி. பெங்களூரு குடிநீருக்கு உச்ச நீதிமன்றம் கூடுதலாகக் கொடுத்தது 4.75. நல்ல வருடத்தில் அந்த அணை வெள்ளத்தைப் பிடித்து இரண்டு பேருக்கும் உதவலாம் என்று கர்நாடகப் பொறியாளர்கள் சொல்வதில் தொழில்நுட்ப ரீதியாகத் தவறில்லை. ஆனால் கெட்ட வருடத்தில் ஷட்டர் இல்லாத கடைசித் தண்ணீருக்கும் ஷட்டர் வந்துவிடும். கெட்ட வருடத்துக்கு உறுதியான வாய்பாடு இல்லாத நிலையில், எந்தக் கடைமடைக்காரனும் அதற்குத் தலையாட்ட மாட்டான். நானும் மாட்டேன்.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. 2018 ஆகஸ்டில் ஆறு நிறைய வெள்ளம் வந்தது, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடம் வழியாகத் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் கடைமடையில் பல வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. தூர் வாராததால் ஏறவில்லை. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை இறங்கிவிட்டது, வாய்க்கால் தலைப்பு மேலே நிற்கிறது. மேட்டூரில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்துகொண்டு வருகிறது. மே மாதத்தில் அவசரம் அவசரமாகத் தூர்வாரி, ஜூனில் தண்ணீர் வந்ததும் பாதியில் நிறுத்துவதை வருடா வருடம் பார்க்கிறேன். கர்நாடகத்திடம் பத்து டி.எம்.சி.க்கு வழக்காடும் நாம், கையில் வந்ததைக் கடைமடை வரை கொண்டுசேர்க்க அந்த அளவு முனைப்புக் காட்டுவதில்லை.

தீர்வு உண்டா என்று கேட்டால், ஒரு முறை அதன் சாயலைப் பார்த்திருக்கிறோம். 2002 வறட்சிக்குப் பிறகு, 2003-இல் “காவிரிக் குடும்பம்” என்று ஒன்று உருவானது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் முன்னின்று, இரு மாநில விவசாயிகளையும் உட்கார வைத்தார். அவர்கள் இங்கே வந்து டெல்டாவைப் பார்த்தார்கள், இங்கிருந்து மண்டியாவுக்குப் போனார்கள். அதுவரை “டெல்டாக்காரர்கள் ஆடம்பரமாக மூன்று போகம் போடுகிறார்கள்” என்று கர்நாடக விவசாயிகளும் “அவர்கள் அணையை நிரப்பி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள்” என்று எங்கள் விவசாயிகளும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்தபோது பேச்சின் தொனியே மாறியது. பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்று பல கூட்டங்களில் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். அரசுகள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. 2005-இலிருந்து நல்ல மழை, அவசரமும் போய்விட்டது.

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை. நாலு அணைகளுக்கும் மேட்டூருக்கும் வரும் நீரைப் பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, முப்பது வருட சராசரியோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் குறைவு என்று எடுப்பது, குடிநீரை முதலில் ஒதுக்குவது, மீதியில் அந்தச் சதவீதத்தை எல்லோர் பங்கிலும் கழிப்பது. ஒழுங்காற்றுக் குழு இப்போதும் கிட்டத்தட்ட இப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் அது இரு அரசுகளும் கையெழுத்திட்ட வாய்பாடு இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வழக்காடுகிறோம். கையெழுத்தான வாய்பாடு இருந்தால் ஜூலை 10-ஆம் தேதியே டெல்டாக்காரனுக்குத் தெரிந்துவிடும், இந்த வருடம் குறுவை வேண்டாம், சம்பாவுக்கு நேரடி விதைப்புப் போதும் என்று. மண்டியாக்காரருக்கும் தெரியும், கரும்பு வேண்டாம், கேழ்வரகு போடலாம் என்று. நட்டுவிட்டுக் காய விடுவதைவிட நடாமல் இருப்பது எவ்வளவோ மேல். விதை, உழவு, நடவுக்கூலி, வாங்கிய கடன் எல்லாம் மிஞ்சும்.

ஒரு நிபந்தனை உண்டு. இதை நல்ல வருடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அணை வற்றிய பிறகு யாராலும் பேச முடியாது. 2025-இல் மேட்டூர் ஒரே வருடத்தில் பல முறை 120 அடியைத் தொட்டது. 2018 தீர்ப்பின் பங்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வைத்த காலம் 15 வருடம். 2033-இல் எல்லா எண்களும் மறுபடி மேசைக்கு வரும். அதற்கு நடுவில் குறைந்தது ஒரு வறட்சி வருடமாவது வரும், என் அனுபவத்தில் அது வராமல் போனதில்லை. மேட்டூரிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் இருக்கும்போதே பேசிவிட வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க நேர்ந்தால், காவிரி உரிமை பற்றிக் கேட்காதீர்கள், எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். கெட்ட வருடத்துக்கான வாய்பாடு பற்றிக் கர்நாடகத்தோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேளுங்கள்.